தாது லாரி ஓடாத சாலை

பகல் முழுக்கக் கார்களும் கம்பெனி பஸ்களும் நெரியும் கச்சிபௌலிச் சாலைகளை இரவில் டிப்பர்கள் எடுத்துக்கொள்கின்றன. நானக்ராம்குடா, கோகாபேட்டை, நார்சிங்கி என்று எந்தப் பக்கம் கட்டடம் எழுப்ப நினைத்தாலும் முதலில் பாறையைப் பெயர்த்தாக வேண்டும். ஊரே பாறைமேல்தான் இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் உருண்டைப் பாறைகளை இன்னும் பார்க்கலாம். வளாகத்துக்கு வெளியே அதே பாறை வெடிவைத்துப் பிளக்கப்பட்டு லோடு லோடாகப் போய்க்கொண்டிருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டு வயதான கருங்கல்.

நான் தங்கியிருந்த உறவினர் வீட்டு மாடியிலிருந்து அந்த டிப்பர்களைக் கவனித்தேன். சிலவற்றில் தார்ப்பாயை நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சிலவற்றில் பேருக்கு ஒரு கிழிசல். சிலவற்றில் அதுவும் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்கதவின் இடுக்கிலிருந்து பொடியும் சில்லும் சாலையில் கொட்டின. நான் ஹைதராபாத் வந்ததோ வேறொரு கல்லின் பயணத்தைப் பற்றி விசாரிக்க. யுரேனியத் தாதுவை லாரியில் ஏற்றி ஊர்களின் வழியே கொண்டுபோனால் அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும், வண்டி கவிழ்ந்தால் யார் வருவார்கள், முதலில் அங்கே போய் நிற்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பவை என் கேள்விகள். தாதுவும் உடைத்த கல்தான். அதைச் சுமப்பதும் டிப்பர்தான். அதனால் இந்த மாடியிலிருந்தே விசாரணை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தியாவில் யுரேனியம் பற்றிப் பேசினால் ஹைதராபாத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. அணுக் கனிமங்களைத் தேடும் அரசு இயக்ககத்தின் தலைமையகம் பேகம்பேட்டையில் இருக்கிறது. கச்சிபௌலிக்கு நேர் எதிர்க் கோடியில், மௌலாலியைத் தாண்டி, 1971-இல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகம். அதன் பக்கத்தில் 1967-இல் உருவான ஈ.சி.ஐ.எல்.; கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் செய்யும் பொதுத்துறை நிறுவனம். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் கடப்பா மாவட்டத்துத் தும்மலபள்ளியிலும் கல்லை அரைத்துப் பிரித்தெடுத்த யுரேனியப் பொடி பீப்பாய்களில் இங்கே வருகிறது. இங்கே வில்லைகளாகச் சுடப்பட்டு, சிர்கோனியக் கலவைக் குழாய்களில் அடைக்கப்பட்டு, கல்பாக்கம், கைகா, ராவத்பாட்டா உலைகளுக்குப் போகிறது. சென்னையில் எரியும் விளக்குக்கும் இந்த ஊருக்கும் அப்படியொரு தொடர்பு உண்டு.

பொடியின் பயணமும் எரிபொருளின் பயணமும் ஓரளவு கட்டுக்குள் இருப்பவை. மூடிய பீப்பாய், எண்ணிக்கை உள்ள லோடு, கூடவே ஆள். தாதுவின் பயணம் அப்படியல்ல. ஜாதுகுடாவைச் சுற்றிப் பாட்டின், நர்வாபஹார், பாக்ஜாத்தா சுரங்கங்களில் வெட்டிய கல் ஆதிவாசிக் கிராமங்களின் வழியே லாரிகளில் ஆலைக்குப் போகிறது. ஒரு டன் கல்லில் ஒரு கிலோவுக்கும் குறைவான யுரேனியம்தான் இருக்கும். ஆகவே ஒரு பீப்பாய்ப் பொடிக்காக மலைபோல் கல்லை நகர்த்த வேண்டியிருக்கிறது. தும்மலபள்ளியில் ஆலை சுரங்கத்தின் வாசலிலேயே இருப்பதால் கல் ஊர்ச்சாலைக்கு வரவில்லை.

நான் பார்க்கப் போனது மூன்றாவது ஓர் இடம். நாகார்ஜுன சாகர் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், நல்கொண்டா மாவட்டத்து லம்பாபூர், பெத்தகட்டு. அங்கே பழைய கருங்கல்லும் அதன்மேல் படிந்த ஸ்ரீசைலம் குவார்ட்சைட்டும் சேரும் வரம்பில் யுரேனியம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இந்திய யுரேனியக் கழகம் அங்கே சுரங்கம் தோண்டத் திட்டமிட்டது. ஆலையை முதலில் மல்லாபூரில், சுரங்கத்தை ஒட்டியே வைப்பதாக இருந்தது. ஆனால் அது நாகார்ஜுன சாகருக்கும், ஹைதராபாத்துக்குக் கிருஷ்ணா குடிநீர் தரும் அக்கம்பள்ளி நீர்த்தேக்கத்துக்கும் அருகில். எதிர்ப்பு எழுந்தது. ஆலையைத் தேவரகொண்டாவுக்கு அருகே சேரிபள்ளிக்கு மாற்றினார்கள். தண்ணீரிலிருந்து ஆலையைத் தள்ளி வைத்தது சரியான முடிவு. ஆனால் அதன் விலையாக, நாளொன்றுக்கு 1,250 டன் தாது சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் போயாக வேண்டும் என்றாயிற்று. டிப்பருக்கு இருபது டன் என்று வைத்தாலும் அறுபதுக்கு மேற்பட்ட லோடு. காலி வண்டி திரும்புவதையும் சேர்த்தால் ஒரே நாளில் நூற்றிருபது தடவைக்கு மேல் ஒரு கிராமத்தைக் கடக்கும். ஓர் இடத்தில் இருந்த ஆபத்து ஐம்பது கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது.

அந்தத் திட்டம் நடக்கவில்லை. அதனால்தான் அந்தச் சாலையைப் பார்க்க விரும்பினேன். ஓடாத லாரிகளுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று யோசிப்பதில் யாரையும் குற்றம் சாட்டவோ காப்பாற்றவோ வேண்டியதில்லை. நிதானமாகப் பார்க்கலாம்.

காரை ஓட்ட வந்தவர் நாமக்கல்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கேஸ் டேங்கர் ஓட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். மகளுக்குக் கச்சிபௌலியில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு இங்கே வந்து, இப்போது கால் டாக்ஸி. ஆந்திரா, தெலங்கானா முழுக்க லோடு அடித்த பழக்கத்தில் தெலுங்கு சரளம். என்னை “மேடம்” என்று அழைத்தவர், ஷம்ஷாபாத்துக்குள் “அம்மா”வுக்கு மாறிவிட்டார். நான் அவரை “அண்ணே” என்றேன்.

கச்சிபௌலியில் ஏறிய வெளிவட்டச் சாலை 158 கிலோமீட்டர் சுற்று. எட்டு வழி, வேலி, விளக்கு, சுங்கம். இதன் கச்சிபௌலி–ஷம்ஷாபாத் துண்டு 2008-இல் முதலில் திறக்கப்பட்டது. ஆபத்தான சரக்குக்கு இப்படியொரு சாலை அமைவது பெரிய உதவி. எதிரே வண்டி வராது, ஓரத்தில் பெட்டிக்கடை இல்லை, மாடு குறுக்கே வராது, கவிழ்ந்தால் கண்காணிப்பு வண்டி வந்துவிடும். ஆனால் எந்தத் தாதுவும் வெளிவட்டச் சாலையில் பிறப்பதில்லை. அது பிறக்கும் இடத்தில் இருப்பது ஒற்றைத் தார்ச்சாலைதான்.

போங்குளூரில் இறங்கிச் சாகர் சாலையைப் பிடித்ததும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இப்ராஹிம்பட்டணம், யாசாரம், மால், சிந்தபள்ளி. சாலை ஒவ்வொரு ஊரின் நடுவயிற்றிலும் நுழைந்து வெளியேறுகிறது. பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், பருத்தி ஏற்றிய டிராக்டர், ஷேர் ஆட்டோவின் பின்னால் தொங்கும் பையன்கள்.

“ட்ரெம் கார்டு இல்லாம எங்களைக் கேட்டுக்கு வெளியவே உட மாட்டாங்க, தெரியுங்களா?” என்றார் அண்ணன். அபாயச் சரக்கு ஏற்றும் வண்டியில் இருக்க வேண்டிய அவசரகால அட்டை அது. என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது, யாருக்குப் போன் செய்வது எல்லாம் அதில் இருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைச் சொல்கின்றன. சரக்கை அனுப்புகிறவர், வண்டிக்காரர், டிரைவர் மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு. அபாயச் சரக்கு ஓட்ட லைசென்ஸில் தனி எண்டார்ஸ்மென்ட் வேண்டும்; அதற்கு மூன்று நாள் பயிற்சி. விபத்து என்றால் டிரைவர் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

“கேஸுன்னா நாலே விசயந்தானுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணோணும். காத்துக்கு எதுத்தாப்பல ஓடோணும். ரெண்டு பக்கமும் வர்ற வண்டிய நிறுத்தோணும். ஊட்டுல யாரும் அடுப்பப் பத்த வெக்காதீங்கன்னு கத்தோணும்.” சற்று நேரம் சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாலாவுக்கு அப்புறம் எங்காளுங்க எல்லாருக்கும் இது மனப்பாடம்.” கண்ணூரை ஒட்டிய சாலா. 2012 ஆகஸ்டு 27 இரவு ஒரு கேஸ் டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் இருபது பேர் இறந்தார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு டிரைவர்களிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், வேறெதையும் விளக்க வேண்டாம்.

பிறகு கேட்டார்: “சரிங்கம்மா, இந்தக் கல்லு லோடு சாஞ்சா என்ன பண்ணோணும்?”

இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. கேஸுக்குச் சொல்லும் விடைக்கு ஏறக்குறைய எதிரானது அது. யுரேனியத் தாது வெடிக்காது, பற்றிக்கொள்ளாது. பக்கத்தில் சில நிமிடம் நின்றதால் யாரும் சாக மாட்டார்கள். கதிரியக்கச் சரக்குகளைத் தரம் பிரிக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளில், 1961-இல் முதன்முதலாக வந்து பலமுறை திருத்தப்பட்ட விதிகளில், தாது மிகக் கீழ்ப்படியில் வருகிறது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 2016-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் அதே தரவரிசையைப் பின்பற்றுகிறது. தாதுவின் ஐ.நா. எண் 2912. வட அமெரிக்கத் தீயணைப்பாளர்களும் போலீஸாரும் வண்டியில் வைத்திருக்கும் அவசரகாலக் கையேட்டில் இந்த எண்ணைத் தேடினால் வரும் அறிவுரை: சுற்றிலும் 25 மீட்டர் ஆட்களை விலக்கு, பெருமளவு கொட்டியிருந்தால் காற்று வீசிப்போகும் பக்கம் 100 மீட்டர். உயிர் காப்பதும் முதலுதவியும் தீயணைப்பதும்தான் முதலில். கதிர்வீச்சை அளப்பது அதற்குப் பிறகு. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் கருவி வரட்டும் என்று தாமதிக்கக் கூடாது. பொடியின்மேல் பிளாஸ்டிக் தாளோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடிபட்டவரைப் பற்றிய வரி. ‘யுரேனியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஊரே ஓடிவிட்டால் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்ட டிரைவர் ரத்தம் வடிந்து செத்துப்போவார். கதிர்வீச்சால் அல்ல, யாரும் கிட்டே வராததால். பயப்பட வேண்டிய அளவைச் சரியாகச் சொல்லிவைப்பதும் பாதுகாப்பு ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

அண்ணனிடம் நான் வரிசைப்படுத்திச் சொன்னது இப்படி. தாது லாரியால் வரும் முதல் ஆபத்து அதன் எடை. 2025 நவம்பரில், நாங்கள் கிளம்பிய கச்சிபௌலியிலிருந்து அதிகத் தூரமில்லாத சேவெள்ள பக்கத்தில், ஜல்லி ஏற்றிய டிப்பர் அரசு பஸ்ஸின்மேல் மோதியது. ஜல்லி பஸ்ஸுக்குள் சரிந்தது. சுமார் இருபது பேர் இறந்தார்கள். அந்த ஜல்லியில் விஷம் எதுவும் இல்லை. கல்லாக இருந்ததே போதுமாயிற்று. ஆகவே தாது லாரிக்கான எந்தத் திட்டமும் கதிர்வீச்சிலிருந்து தொடங்கக் கூடாது. எத்தனை டன் ஏற்றலாம், எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எவ்வளவு வேகம், பிரேக் எப்போது சோதிக்கப்பட்டது, பள்ளி விடும் நேரத்தில் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து தூசி. மூச்சில் போகும் நுண்பொடி நுரையீரலில் தங்கும். யுரேனியம் கதிர்வீச்சால் மட்டுமன்றி, ஈயம்போல ஓர் உலோக விஷமாகவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கவிழ்ந்த அன்று கிளம்பும் தூசியைவிட, கவிழாமல் நாள்தோறும் சிந்திக்கொண்டு போகும் தூசி எனக்கு அதிகக் கவலை தருகிறது. மூன்றாவது, கொட்டிய கல் அங்கேயே தங்கிவிடுவது. ஆலையில் பிரித்தெடுத்த யுரேனியப் பொடியிலிருந்து ரேடியம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். தாதுவிலோ ரேடியம் முழுதும் உள்ளேயே இருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதிலிருந்து ரேடான் வாயு ஓயாமல் வந்துகொண்டிருக்கும். சாலையோரத்தில் கிடக்கும் நல்ல கல்லை யார் விடுவார்கள்? வீட்டு அஸ்திவாரத்துக்கு, திண்ணைக்கு, பள்ளம் நிரப்ப எடுத்துப் போவார்கள். ஜாதுகுடாவில் சுரங்கக் கழிவுக்கல் சாலைக்கும் வீட்டுக்கும் போனதாகப் பல ஆண்டுகளாகக் குற்றச்சாட்டு உண்டு. அமெரிக்காவில் நவஹோ மக்களின் நிலத்தில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் கல்லைக் கொண்டு கட்டிய வீடுகளைப் பின்னாளில் இடிக்க வேண்டியிருந்தது. எனவே கொட்டியதைக் கடைசிச் சில்லுவரை பொறுக்கி, மேல்மண்ணையும் சுரண்டி எடுத்து, அளந்து பார்த்து, எழுதிவைத்த பிறகுதான் விபத்து முடிந்தது என்று சொல்ல வேண்டும். தண்ணீர் பீய்ச்சிச் சாலையைக் கழுவிவிடுவது மிகத் தவறான காரியம். கொட்டியது வாய்க்காலுக்குப் போய்விடும்.

டிரைவரின் கணக்கு தனி. விதிப்படி அவர் உட்காரும் இடத்தில் மணிக்கு 0.02 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டு முழுக்க அனுமதிக்கப்படுவது 1 மில்லிசீவர்ட். வண்டி அந்த உச்ச அளவைத் தொட்டால் ஐம்பது மணி நேரத்தில் ஓராண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். தாது லாரி பெரும்பாலும் அந்த உச்சத்தைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் நாள்தோறும் அதே லோடை ஓட்டுகிறவரைப் பொதுமக்களில் ஒருவராக எண்ணுவது நியாயமில்லை. சட்டையில் அளவுப் பட்டை குத்திவைத்து, மாதாமாதம் படித்து, படித்ததை அவரிடமே சொல்ல வேண்டும். கான்ட்ராக்டரின் டிரைவர், கிளீனர் இருவருக்கும்.

வழியில் ஒரு காவல் நிலையத்தில் நிறுத்தினோம். தலைமைக் காவலர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார், அண்ணன் மொழிபெயர்த்தார். பெட்ரோல் டேங்கர், கேஸ், ஆசிட் எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். வண்டி கவிழ்ந்தால் கூட்டத்தை விலக்குவதுதான் பெரும்பாடு என்றார். எண்ணெய் கவிழ்ந்தால் குடத்தோடு வருவார்கள், கோழி வண்டி கவிழ்ந்தால் கூடையோடு. மேலே மஞ்சள், கீழே வெள்ளை, மூன்று கறுப்பு இதழ், அடிமுனையில் 7 என்ற எண் உள்ள சாய்சதுரப் பலகையை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக் கதவில் இதுபோல் ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னார். லாரியில் பார்த்ததில்லை.

நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. அணுசக்தித் துறையில் 1987 முதல் நெருக்கடி மேலாண்மைக் குழு இருக்கிறது. கதிர்வீச்சு விபத்துக்கென்று கருவியும் பயிற்சியும் உள்ள மையங்கள் நாட்டின் பல பகுதிகளில் இருக்கின்றன. 2009-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அணு, கதிர்வீச்சு அவசரநிலைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு இதில் பயிற்சி உண்டு. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் பொறுப்பு கலெக்டருடையது. ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் இன்று கிராமம் வரை வருகிறது. இவை எல்லாமே வந்து சேர நேரம் பிடிக்கும். அந்தத் தலைமைக் காவலர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். டீக்கடைக்காரர் அதற்கும் முன்னால் அங்கே இருப்பார். ஏற்பாட்டின் அறிவெல்லாம் தொலைவில் இருப்பவர்களிடம் இருக்கிறது; முதல் அரை மணி நேரமோ முழுக்க எதுவும் சொல்லப்படாதவர்களின் கையில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

பணக்கார நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் அருகே, யுரேனியப் பொடிப் பீப்பாய்கள் ஏற்றிய லாரி இரவில் சாலைக்கு வந்துவிட்ட குதிரைகள்மேல் மோதிக் கவிழ்ந்தது. பீப்பாய்கள் தெறித்துத் திறந்து சுமார் ஐந்து டன் பொடி கொட்டியது. அதன் பிறகு அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையம் பீப்பாயின் உறுதியையும் அவசரகால ஏற்பாட்டையும் தனியாக ஆராய வேண்டிவந்தது. குறுக்கே வரும் குதிரையை எந்த ஆலையும் தன் வரைபடத்தில் போட்டிருக்காது.

கொண்டமல்லேபள்ளியைத் தாண்டிப் பிரிந்த சாலையில் நிலம் மாறிக்கொண்டே போனது. செம்மண், பருத்தி, பனை, இடையிடையே லம்பாடித் தண்டாக்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து எலும்பு வளைந்தவர்களைத் தலைமுறைகளாகப் பார்த்த மாவட்டம் நல்கொண்டா. தண்ணீர் பற்றிய பயத்தை இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெத்தகட்டில் வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். அண்ணன் அவரை “தாத்தா” என்று அழைத்து, துண்டை விரித்துத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். 2003 ஆகஸ்டில் நடந்த பொதுக் கருத்துக் கேட்பு தாத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. எவ்வளவு போலீஸ் வந்தது, எத்தனை ஜீப் என்பதைத்தான் முதலில் சொன்னார். 2005 மார்ச்சில் சேரிபள்ளி ஆலைக்கான கருத்துக் கேட்பையும் சொன்னார். 2019 செப்டம்பரில் நல்லமலைக் காட்டில் யுரேனியம் வெட்டக் கூடாது என்று தெலங்கானா சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதும் தெரிந்திருந்தது. ஆனால் லாரி எந்த வழியாக வரும், எந்த நேரத்தில் வரும் என்று அந்த நாட்களில் தனக்கு யாரும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

“தார் ரோட்டில்தானே நாங்கள் காயப்போடுகிறோம்” என்றார் அவர்.

நெல்லும் மக்காச்சோளமும் மிளகாயும். அறுவடை மாதங்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் பாதி அகலம் களமாகிவிடும். ஒரு பக்கம் தானியம், மறு பக்கம் வண்டி. சரியாக மூடாத தாது லோடு அந்தக் களத்தை உரசியபடி நாளுக்கு அறுபது தடவை போயிருக்கும். வேகம், அகலம், வளைவு, பாலம் என்று சாலையைப் பற்றி நான் யோசித்துவைத்திருந்த எதிலும் இது இல்லை. இந்த ஊர்க்காரரைக் கேட்காமல் எழுதிய திட்டத்தில் இது வந்திருக்கவும் முடியாது.

பாதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, பாதுகாப்புப் பிரச்சினை என்று அணுச் சரக்குகளைப் பற்றி ஒரு வாதம் உண்டு. உலை எரிபொருளுக்கு அது பொருந்தலாம். தாதுவுக்குப் பொருந்தாது. டன்னுக்கு அரை கிலோ, முக்கால் கிலோ யுரேனியம் உள்ள கல்லைத் திருடி யாரும் எதுவும் செய்துவிட முடியாது. தாது லாரியின் பாதையையும் நேரத்தையும் பஞ்சாயத்துச் சுவரில் எழுதிவைப்பதில் எந்த ரகசியமும் கெடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நவஹோ மக்கள் இதைப் போராடித்தான் பெற்றார்கள். 2024 ஜூலை 30 அன்று எனர்ஜி ஃபியூல்ஸ் நிறுவனத்தின் லாரிகள் அரிசோனாவின் பின்யன் பிளெய்ன் சுரங்கத்திலிருந்து யூட்டாவின் ஒயிட் மெசா ஆலைக்கு அவர்கள் நிலத்தின் வழியே தாது ஏற்றிக் கிளம்பின. நவஹோ தலைவர் பூ நைக்ரென் தங்கள் போலீஸை அனுப்பி நிறுத்தச் சொன்னார். 500-க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களோடு வாழ்ந்துவரும் மக்களின் கோபம் அது. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது: குறித்த பாதை, குறித்த நேரம், இறுக்க மூடிய லோடு, முன்னறிவிப்பு, அவசரகால ஏற்பாடு. அதோடு, பழைய சுரங்கக் கழிவிலிருந்து 10,000 டன் வரை அந்த நிறுவனமே எடுத்துப் போக வேண்டும். எல்லாரும் திருப்தியடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டி ஓடும் முன்னரே எழுதியிருக்க வேண்டியவை, வண்டி நின்ற பிறகாவது எழுதப்பட்டன.

திரும்பும் வழியில் தேவரகொண்டாப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். தான் இந்த லோடை ஓட்டுவதாக இருந்தால் என்னென்ன கேட்பேன் என்று அண்ணன் அடுக்கினார். பகலில் மட்டும் ஓட்டம். கூட ஒரு ஆள். தார்ப்பாய் கட்டியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒருத்தர். ஆலையை விட்டு வெளியே வருமுன் டயரைக் கழுவ ஒரு தொட்டி. வண்டியிலேயே இன்னொரு தார்ப்பாயும் கயிறும் மண்வெட்டியும். போன் நம்பரை எடுப்பவர் தெலுங்கில் பேச வேண்டும்.

“ட்ரெம் கார்டையும் தெலுங்குல எழுதோணுங்கம்மா” என்றார். “எங்க கார்டு எங்களுக்குப் புரியற பாசையில இருக்கும். நான் மயங்கிக் கெடந்தா அத எடுத்துப் படிக்கறவரு இந்த ஊர்க்காரருதானுங்களே. அதுவும் கேபினுக்குள்ள வெச்சா ஆகாது. கேபின் நசுங்கிருச்சுன்னா எப்படி எடுப்பாங்க? பின்னால நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்துல ஒரு பொட்டி அடிச்சு, இன்னொண்ணு அதுக்குள்ள போட்டு வெக்கோணும்.”